ஒயிட் டவுன் ஹோட்டல்காரர்களுக்கு ஒரு கடலூர்க்காரனின் மடல்

புதுச்சேரி கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனில் நட்சத்திர ஹோட்டல்கள் நடத்தும் உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரன். போன மாதம் என் அப்பாவோடு உங்களில் ஒருவருடைய ஹோட்டலில் ஓர் இரவு தங்கினேன். எந்த ஹோட்டல் என்று சொல்லப்போவதில்லை. உங்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது, அதற்குத்தான் இந்த மடல்.

அப்பாவுக்கு 72 வயது. கொத்தனார். முப்பது வருஷத்துக்கு மேல் விடியற்காலை பஸ்ஸில் தூக்குச்சட்டியோடு புதுச்சேரிக்கு வந்து வேலை பார்த்துவிட்டு இருட்டியபின் வீடு திரும்பியவர். உங்கள் தெருக்களில் பழைய வீடுகள் சிலவற்றைப் பழுதுபார்த்த ஆட்களில் அவரும் ஒருவர். இப்போது ஹோட்டலாகிவிட்ட அப்படி ஒரு வீட்டில் அவர் ஒரு ராத்திரியாவது படுத்துத் தூங்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. அறை வாடகை 9,500 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 11,210. அம்மாவையும் கூப்பிட்டேன். "அங்க வந்து நான் யார்கிட்ட என்ன பேசுறது?" என்று வர மறுத்துவிட்டார்.

வரவேற்பில் இருந்த பெண் அப்பாவிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் தமிழில் பதில் சொன்னேன். அவர் ஆங்கிலத்திலேயே தொடர்ந்தார். வெளியூர்ப் பெண்ணாக இருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் அறைக்குத் துண்டு கொண்டுவந்த அக்கா கதவைச் சாத்திக்கொண்டு அப்பாவிடம் தமிழில் பேசினார். வரவேற்பில் இருந்த அந்தப் பெண்ணும் இங்கே பக்கத்தில் வில்லியனூர்தானாம். "கெஸ்ட்கிட்ட இங்கிலீஷ்லதான் பேசணும்னு சொல்லியிருக்காங்க ஐயா" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். அந்தத் தாழ்ந்த குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அறைக்குள் போனதும் அப்பா கட்டிலைப் பார்க்கவில்லை, சுவரிடம் போனார். உள்ளங்கையால் தடவினார். விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார். "சுண்ணாம்புப் பூச்சு. சிமெண்ட்டு படல" என்றார். அண்ணாந்து கூரையைப் பார்த்தார். மரக்கட்டைகளின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சாய்வாட்டத்தில் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கையை அசைத்து அந்தத் தாளத்தையே போட்டுக் காட்டினார். கடற்காற்றின் ஈரம் சுண்ணாம்புச் சுவரில் ஏறினாலும் திரும்ப வெளியே போய்விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூச்சு பொரிந்து கொட்டும் என்றார். இத்தனை வருஷத்தில் அவர் தன் வேலையைப் பற்றி என்னிடம் இவ்வளவு பேசியதே இல்லை. அதற்காக உங்களுக்கு நன்றி. மனதாரச் சொல்கிறேன்.

தாழ்வாரத்தில் அந்த வீட்டின் வரலாற்றைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். ஆங்கிலத்தில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். நான்தான் படித்துச் சொன்னேன். கொத்து வேலை செய்தவர்களைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

இரவு சாப்பாட்டில் மீன் ஒன்றுக்கு 'வடூவான்' என்று பெயர் போட்டிருந்தது. பரிமாறிய தம்பி அதைப் பிரெஞ்சு மசாலா என்று ஆங்கிலத்தில் விளக்கினார். அப்பா ஒரு வாய் வைத்ததுமே சொல்லிவிட்டார்: "இது நம்ம வடவம்டா." சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம் எல்லாம் கலந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, சித்திரை வெயிலில் அம்மா மொட்டைமாடியில் காயவைக்கும் அதே தாளிப்பு வடவம். இங்கிருந்து போன பெயர்தான் பிரெஞ்சுக்காரர் வாயில் அப்படி ஆனது. மெனுவில் பக்கத்திலேயே தமிழில் 'வடவம்' என்று ஒரு சொல் இருந்திருந்தால் அப்பா அந்தத் தம்பியிடமே பேசியிருப்பார். அந்தத் தம்பிக்கும் சொல்ல ஒரு கதை கிடைத்திருக்கும்.

உங்கள் வாசலுக்கு வெளியே வந்து பாருங்கள். தெருமுனையில் இருக்கும் நீலப் பலகைகளில் பிரெஞ்சும் தமிழும் சேர்ந்தே இருக்கின்றன. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு தமிழில்தான் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரியைத் தெரிந்துகொள்ள உலகமே அதைத்தான் புரட்டுகிறது. அவருடைய வீட்டிலும் கீழ்த்தளம் தமிழ்க் கட்டு, மேல்தளம் பிரெஞ்சு பாணி. இங்கே தமிழ் ஆட்சிமொழி என்று 1965-லேயே சட்டமும் வந்தாகிவிட்டது. தெருவில் இருக்கிற தமிழ் உங்கள் வாசற்படியோடு ஏன் நிற்க வேண்டும்?

நான் கேட்பது பெரிய செலவு வைக்கிற காரியம் இல்லை. வருகிறவரிடம் முதல் சொல் 'வணக்கம்' ஆக இருக்கட்டும். அவர் தமிழில் பேசினால் தமிழில் பேச உங்கள் ஊழியர்களுக்கு அனுமதி கொடுங்கள். வரலாற்றுப் பலகையும் மெனுவும் தமிழிலும் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் தீ விபத்து வழிகாட்டியைத் தமிழில் போடுங்கள். அப்பாவால் அதில் ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. நான் இல்லாத நேரத்தில் புகை வந்தால் அவர் எந்தப் பக்கம் போவார்? அப்புறம், குளியலறையில் ஒரு வாளி, ஒரு குவளை, உட்கார ஒரு முக்காலி. முட்டிவலி உள்ளவர் வழுக்கும் தரையில் ஷவருக்குக் கீழே நின்று குளிக்க முடியாது.

பில்லையும் சொல்ல வேண்டும். சாப்பாட்டு பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் தானாகவே ஏறியிருந்தது. அப்படிப் போடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்தது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரிதான் என்றது. நான் சொன்னதும் எடுத்துவிட்டார்கள். அப்பா தனியாக வந்திருந்தால் அந்தத் தொகை என்னவென்றே தெரியாமல் கட்டிவிட்டுப் போயிருப்பார்.

மறுநாள் காலையில் கிளம்பும்போது அப்பா மறுபடியும் அந்தச் சுவரில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தார். அம்மாவுக்கும் அதைக் காட்ட வேண்டும் என்கிறார். மார்கழியில் அறை கேட்டு உங்களில் யாருக்காவது போன் செய்வேன். எடுப்பவர் தமிழில் பேசினால், போனை அம்மாவிடமே கொடுத்துவிடுவேன்.

அன்புடன்,
மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு கொத்தனாரின் மகன்