ஆங்கில வினை: அட்டவணைக்கு முன்னே சொல்ல வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் ஆங்கில இலக்கணம் என்றாலே 3 காலம், ஒவ்வொன்றிலும் 4 வகை, ஆக 12 கட்ட அட்டவணைதான் முதலில் வருகிறது. அதை மனப்பாடமாக ஒப்பிப்பவர்களும் பேசும்போது தடுமாறுகிறார்கள். காரணம், தமிழ் வினை நிற்கும் நிலையை அப்படியே ஆங்கிலத்துக்குத் தூக்கிச் செல்வது. பாடத்தை அந்த இடத்திலிருந்து தொடங்கலாமே.

"நேற்று ஊருக்குப் போயிருந்தேன்" என்று இயல்பாகச் சொல்கிறோம். உடனே 'ஹேட் கான்' வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இந்த 'ஹேட்' வர, பிறகு நடந்த இன்னொரு சம்பவமோ, பிந்திய ஒரு நேரமோ துணைக்கு வேண்டும். நான் நிலையத்தை அடைவதற்குள் ரயில் போய்விட்டது என்றால், ரயிலுக்கு 'ஹேட் லெஃப்ட்', எனக்கு 'ரீச்ட்'. ஊருக்குப் போனதை மட்டும் சொல்ல 'வென்ட்' போதும்.

"அவர் நேற்று வந்திருக்கிறார்" தமிழில் சரி. 'ஹேஸ் கம் எஸ்டர்டே' தவறு. நேற்று, போன வாரம், 2019-இல் என முடிந்துபோன நேரத்தைச் சுட்டும் சொல் இருந்தால் 'ஹேவ்', 'ஹேஸ்' இரண்டையும் விட்டுவிட வேண்டும். 'எப்போது வந்தார்' என்ற கேள்விக்கும் இதே விதிதான். 'ஜஸ்ட்', 'ஆல்ரெடி', 'யெட்' ஆகியவற்றோடு அவை தாராளமாக வரும். (அமெரிக்கர்கள் இங்கேயும் பல நேரம் சாதாரண இறந்தகாலத்தையே சொல்வார்கள், அதற்குச் சிவப்பு மை வேண்டாம்.)

நம் எதிர்கால வடிவம் பழக்கத்தையும் குறிக்கும். "தினமும் 6 மணிக்கு எழுவார்" என்பதற்கு 'கெட்ஸ் அப்' போதும், 'வில்' தேவையில்லை. "அவர் வரும்போது சொல்கிறேன்" என்பதைப் பலர் 'வென் ஹி வில் கம்' என்று எழுதுவதும் இதே குழப்பம்தான். நேரத்தையோ நிபந்தனையையோ சொல்லும் பகுதியில் 'கம்ஸ்'. 'வில்' மற்றப் பகுதிக்குப் போகும்.

"2015 முதல் வேலை செய்கிறேன்" என்பது 'ஹேவ் பீன் ஒர்க்கிங் சின்ஸ் 2015'. தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்', கால அளவுக்கு 'ஃபார்'. 'டிட்' வந்தாலே இறந்தகாலம் வந்துவிட்டது, அதன்பின் 'வென்ட்' எதற்கு? 'நோயிங்', 'லைக்கிங்' என்று இழுப்பவர்களிடம் ஒன்று கேட்கலாம்: "இந்தப் பாட்டு எனக்குப் பிடித்துக்கொண்டிருக்கிறது" என்று தமிழில் சொல்வார்களா?

பயிற்சிக்கு நாளுக்கு 5 தமிழ் வாக்கியங்கள் கொடுங்கள். முதலில் நேரச் சொல்லை அடிக்கோடிடச் சொல்லுங்கள். முடிந்த நேரமா, இன்னும் தொடர்வதா, பழக்கமா என்று அருகில் குறிக்கட்டும். அதன் பிறகே ஆங்கில வினை. 'வில் ஹேவ் பீன் டூயிங்' போன்ற கட்டங்கள் பேச்சில் அரிதாகவே வரும். அவற்றுக்கு முழுப் பாடம் ஒதுக்குவது வீண்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர்கள் சிலர்