போர் முகமூடியன்று, வாய்க்கூடை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான ஜப்பானியக் குதிரை அணிகலன் படத்தின் கீழ் ‘போர் முகமூடி’ என்று அச்சிட்டிருந்தது பிழை எனக் கருதுகிறேன். படத்தில் இருந்தது குதிரையின் மூக்கையும் வாயையும் மட்டும் மூடும் இரும்பு வாய்க்கூடை. ‘பாமென்’ எனப்படும் முகமூடியோ முகம் முழுவதையும் மறைப்பது. பெரும்பாலும் தோலால் செய்து அரக்கு மெருகிட்டு, டிராகன் முகம்போல் வடித்திருப்பார்கள்.

ஜப்பானியர் நெடுங்காலம் ஆண் குதிரைகளுக்குக் காயடிக்கும் வழக்கமில்லாதவர்கள். ஆகவே ஒன்றையொன்றும், கடிவாளம் பிடித்து நடத்துபவரையும் கடிக்கப் பாயும் முரட்டுக் குதிரைகளுக்கு இத்தகைய பூட்டு தேவைப்பட்டது. 1900இல் சீனாவுக்குச் சென்ற ஜப்பானியப் படையின் குதிரைகள் அடங்காமைக்குப் பெயர்பெற்றிருந்தன. மறுஆண்டே காயடிப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

அலங்காரத்தைப் பற்றியும் ஒரு சொல். இரும்பில் துளைத்த வேலைப்பாடு வெறும் ஒப்பனையன்று. வாய் அடைபட்ட குதிரை மூச்சு விடுவதற்கான வழியும் அதுவே. இடைவெளி வேண்டும், வலிமையும் குன்றக்கூடாது என்ற நெருக்கடிக்குள்தான் கொல்லன் தன் கைத்திறனைக் காட்டினான். 16ஆம் நூற்றாண்டு ஜெர்மானியக் கொல்லர்களும் இதேபோல் வாய்க்கூடைகளில் எழுத்துகளையும் ஆண்டுகளையும் துளைத்துப் பொறித்தனர். நம் ஊரில் சூடடிக்கும் மாட்டுக்கு மாட்டும் கயிற்று வாய்க்கூடையின் வேலை வேறு: அது கதிரைத் தின்னாமல் தடுப்பது.

அடுத்த இணைப்பில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், தஞ்சாவூர்