தோட்டாவைக் கண்ணில் காட்டுங்கள்

அந்தச் சின்ன விண்கலச் சுடும் கேமை உருவாக்கிய குழுவினருக்கு,

வணக்கம். போன அப்டேட்டில் வெடிப்புகளைப் பெரிதாக்கி, பளபளப்பையும் கூட்டியிருக்கிறீர்கள். நாங்கள் கேட்டது அதுவல்ல என்பது உங்களுக்கே தெரியும். எதிரியின் தோட்டா கண்ணுக்குத் தெரியவேண்டும் என்றுதான் கேட்டோம். இப்போதும் அதையேதான் கேட்கிறோம்.

உங்கள் கேமில் நல்லது நிறைய இருக்கிறது. திறந்த இரண்டு விநாடியில் ஆட்டம் தொடங்கிவிடுகிறது. செத்தால் ஒரே பட்டனில் மறுபடி முதல் அலை. எதிரியை நெருங்கிப் போய்ச் சுட்டால் ஸ்கோர் இரட்டிப்பு. பயந்து கீழே ஒதுங்கி நிற்பவரையும் மேலே இழுத்துவரும் அந்த ஒரு விதிக்காகவே இதை விடாமல் ஆடுகிறவர்கள் உண்டு.

மூன்றாம் லெவலில் அதே விதிதான் ஆளைக் கொல்கிறது. நெருங்கிப் போய் ஒரு கப்பலை வீழ்த்துகிறோம். அதன் வெடிப்பு 12 ஃப்ரேம் (திரை அடுத்தடுத்துக் காட்டும் படங்கள்) நிற்கிறது. விநாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் 0.2 விநாடி. கப்பல் சாகுமுன் விட்ட தோட்டா அந்த வெடிப்புக்கு அடியிலேயே வருகிறது. விநாடிக்கு 300 பிக்சல் வேகம் என்றால் அதற்குள் 60 பிக்சல் கடந்துவிடும். நெருங்கி நிற்பவருக்கு இருக்கும் இடைவெளியே அவ்வளவுதான். வெளிச்சம் அடங்கும்போது உயிர் போயிருக்கும். எது அடித்தது என்றே தெரியாது.

வெடிப்பைக் கடைசியில் வரைகிறீர்கள், அதுவும் கீழுள்ள நிறத்தோடு கூட்டும் அடிட்டிவ் முறையில். நிறத்தின் மேல் நிறம் கூடிக்கொண்டே போனால் எல்லாம் வெள்ளையில் போய் முட்டும். ஆரஞ்சுத் தோட்டா அதில் கரைந்துவிடுகிறது. வரிசையை மாற்றுங்கள்: பின்னணி, எதிரிகள், வெடிப்பு, நம் கலம், பவர்அப் (எடுத்தால் பலம் கூட்டும் பொருள்), எல்லாவற்றுக்கும் மேலே எதிரித் தோட்டா. தோட்டாவை நிறம் கூட்டாத சாதாரண முறையில் வரையுங்கள். நடுவில் வெள்ளை, சுற்றிலும் 2 பிக்சல் கறுப்பு விளிம்பு. அதன் நிறத்தைப் பவர்அப்புக்குத் தராதீர்கள். இதற்குப் புதுப் படமோ புது ஓவியரோ தேவையில்லை.

ஹிட்பாக்ஸையும், அதாவது தோட்டா பட்டால் சாவு என்று கணக்காகும் பகுதியையும் பாருங்கள். கலத்தின் படம் 32 பிக்சல், ஹிட்பாக்ஸும் 32. இறக்கை நுனிக்கு வெளியே உள்ள வெற்றிடத்தில் பட்டாலும் சாவு. நடுவில் 6 முதல் 8 பிக்சல் போதும். விநாடிக்கு 144 ஃப்ரேம் காட்டும் 144 ஹெர்ட்ஸ் திரையில் கேம் 60 ஃப்ரேம் திரையைவிட 2.4 மடங்கு வேகமாக ஓடுகிறது. நகர்வை ஃப்ரேமோடு கட்டாமல் நேரத்தோடு கட்டுங்கள். மலிவான கீபோர்டுகள் பலவற்றில் இரண்டு அம்புக்குறிகளோடு ஸ்பேஸையும் அழுத்தினால் மூன்றாவது பதிவாகாது. பட்டன்களை மாற்றிக்கொள்ள வழி வையுங்கள்.

பட்ஜெட் இல்லை என்று நீங்கள் சொன்ன பதிலை ஏற்க முடியவில்லை. 1978இல் ஜப்பானிய நிறுவனமான டைட்டோவின் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கேம் கறுப்பு வெள்ளைத் திரையில், மேலே வண்ணத் தாள் ஒட்டி ஓடியது. எதிரிகள் குறையக் குறைய வேகம் கூடுவதுகூட, பிராசஸருக்கு வரையும் சுமை குறைந்ததால் தானாக வந்தது. அதை உருவாக்கிய நிஷிகாடோ அப்படியே வைத்துக்கொண்டார். அந்த எளிய இயந்திரத்திலும் மேலிருந்து விழும் ஒவ்வொரு குண்டும் தனியாகத் தெரிந்தது. உங்கள் தோட்டா மறைவது பணமில்லாததால் அல்ல, மேலே பூசிய பளபளப்பால். சிறு குழுக்கள் பலவும் இப்படித்தான் ஆகிவிட்டன. ஸ்க்ரீன்ஷாட் அழகாக வரவேண்டும் என்பதற்காக, ஆடுபவரின் கண்ணைக் கட்டிவிடுகிறார்கள்.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேம் பிடித்திருப்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறோம். புது பாஸ், புது லெவல் எதுவானாலும் காத்திருக்கிறோம். தயவுசெய்து தோட்டாவை முதலில் மேலே கொண்டுவாருங்கள். வெடிப்பைக் குறைக்க மனமில்லை என்றால் அதற்கு செட்டிங்ஸில் ஒரு சுவிட்ச் போதும். தோட்டா தெரிவதை மட்டும் சுவிட்சுக்கு விட்டுவிடாதீர்கள். அது எல்லோருக்கும், எப்போதும் தெரியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கேமை நாள்தோறும் ஆடுபவர்கள்