பதினான்கு இடங்களும் ஒரு பெட்டியும்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து இப்போதுதான் படிக்க விட்டார்கள். எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. உன் கையெழுத்துதான் இன்னும் புரியவில்லை. பேத்தி பிறந்த சேதியை மட்டும் ஒரே மூச்சில் படித்துவிட்டேன். குழந்தைக்கு என் ஆசி.

கூடவே சண்டைக்கும் இழுத்திருக்கிறாய். ஓட்டு வாங்கி வந்தவர்கள் போட்ட சட்டத்தை, ஓட்டே கேட்காத நீதிபதி எப்படி ரத்து செய்யலாம் என்கிறாய். சரி, உன் அப்பா அடிக்கடி சொல்வாரே, சென்னை மாகாணத்தில் கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்த அந்த வகுப்புவாரி அரசாணையிலிருந்தே வருகிறேன்.

பதினான்கு இடமென்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்டோர், பிராமணர், ஆதிதிராவிடர் ஆகியோருக்குத் தலா 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கில், 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. வேடிக்கை என்னவென்றால், அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. விசாரித்ததில் இடம் கிடைக்காது என்று தெரிந்ததாம், அதுவே போதுமாக இருந்தது. இங்கே ஒரே கொந்தளிப்பு. ஜூனிலேயே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, பிற்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய வழிவிடும் 15(4) பிரிவு சேர்ந்துவிட்டது. அந்தச் சண்டையில் நான் நாடாளுமன்றத்தின் பக்கம்தான்.

ஆனால் அதே திருத்தத்தில் ஒரு பெட்டியும் செய்தார்கள்: ஒன்பதாவது அட்டவணை. அதற்குள் வைத்த சட்டத்தை, அடிப்படை உரிமையை மீறுகிறது என்று சொல்லி எந்த நீதிமன்றமும் தள்ளிவிட முடியாது. முதலில் உள்ளே போனவை 13 சட்டங்கள். ஜமீன் ஒழிப்புக்காகத்தான் செய்தார்கள், யாரும் குறை சொல்ல முடியாது. 1975-இல், நெருக்கடி நிலையின்போது, அதே பெட்டிக்குள், விசாரணையில்லாமல் ஆளைச் சிறையில் வைக்கும் மிசா சட்டத்தை வைத்தார்கள் முருகேசா! நிலத்துக்குச் செய்த பூட்டு, ஆளை உள்ளே தள்ளும் சட்டத்துக்கும் பொருந்திவிட்டது.

நீதிமன்றத்தையும் நான் தலையில் தூக்கிவைக்கவில்லை. அடுத்த வருடம், அப்படிச் சிறையில் கிடந்தவர்களுக்கு, அடைத்தது சரியா என்று கேட்கும் ஆட்கொணர்வு மனு போடவும் உரிமையில்லை என்று ஐந்தில் நான்கு நீதிபதிகள் எழுதினார்கள். மாட்டேன் என்றவர் எச்.ஆர். கன்னா ஒருவர். 1977-இல் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி அவருக்கு இளையவருக்குப் போனது. அந்தத் தீர்ப்பு தவறு என்று அதே நீதிமன்றம் வாய்விட்டுச் சொல்ல 2017 வரை ஆயிற்று. ஓட்டுக் கேட்காத நீதிபதியையும் அரசு நினைத்தால் வழிக்குக் கொண்டுவரலாம், பார்த்தாயா?

பெட்டியைத் திறந்தது நீலகிரியின் கூடலூர். அங்கே பரம்பரைப் பெருநில உரிமையை ஒழித்த ஜென்ம நிலச் சட்டத்தின் ஒரு பகுதியை 1972-இல் நீதிமன்றம் தள்ள, 1974-இல் முழுச் சட்டத்தையும் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். அதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளிடம் போய், 2007-இல் முடிவு வந்தது: அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் மாற்ற முடியாது என்ற கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு உள்ளே போன எதையும் அந்தக் கட்டமைப்போடு உரசிப் பார்க்கலாம்.

1994-இல் உள்ளே போன நம் தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீடும் அதில் சேர்த்திதான். இதைப் படித்ததும் உனக்குச் சுருக்கென்று இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் மிசாவை நினைத்தால், பூட்டு அப்படியே இருந்திருக்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்கு வருகிறதா, எழுது. பேத்தியின் போட்டோவையும் அனுப்பு.

உன்,
சேகர்