கிளட்ச் வயர் அறுந்த நாளுக்காகவாவது சொல்லிக்கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பைக் பராமரிப்பு பற்றி வந்த கட்டுரையில், கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்றுவது இளவட்டங்களின் விபரீத விளையாட்டு, அப்படிச் செய்தால் கியர் பாக்ஸ் உடைந்துவிடும் என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். ஒரு நாள் செய்தால் உடையாது. தினமும் செய்தால் தேயும். இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித் தராததால் ராத்திரி நேரத்தில் நடுரோட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் மருந்து கம்பெனிப் பிரதிநிதி, பொள்ளாச்சியில் வீடு. 22 வருஷமாக பைக்கில்தான் பிழைப்பு. உடுமலை, ஆனைமலை, வால்பாறை என்று ஓடிக்கொண்டே இருப்பேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு மழைக்கால மாலை, வால்பாறையில் டாக்டர்களைப் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தபோது, அட்டகட்டிக்குச் சற்றுக் கீழே இடது கையில் லீவர் தொளதொளவென்று ஆகிவிட்டது. லீவரையும் கிளட்சையும் இணைக்கும் கிளட்ச் வயர் போய்விட்டது. லீவருக்குள் உட்காரும் ஈயக் குண்டுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு இழையாக அறுந்துகொண்டே வந்து கடைசி இழையும் அன்றைக்கு அறுந்திருக்கிறது. ஒரு வாரமாகவே லீவர் கனமாக இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. அடுத்த வளைவில் வண்டி திக்கித் திக்கி நின்றுவிட்டது. ஆழியாறுக்கும் மலைக்கும் நடுவே மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள், அதில் பெரும்பாலானவை இன்னும் எனக்குக் கீழேதான் இருந்தன. இருட்டப் போகிறது, செல்போனில் சிக்னல் இல்லை, யானை நடமாடும் காடு, கண்ணுக்கு எட்டிய தூரம் கடை கிடையாது.

அப்போது எனக்குக் கைகொடுத்தது என் அண்ணன் எப்போதோ சொன்ன ஒரு வாக்கியம். அண்ணன் லாரி ஓட்டியவர். பழைய லாரிகளில் டபுள் கிளட்ச் அடித்து, அதாவது ஒரு கியர் மாற்ற இரண்டு முறை கிளட்ச் மிதித்து, இன்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டே கியர் போட்டுப் பழகிய தலைமுறை. “இழுவை விட்டாத்தான்டா பல்லு விடும், பலத்தைக் காட்டாதே” என்பார். அது லாரிக்குச் சொன்னது, ஆனால் பைக்குக்கும் அப்படியே பொருந்தும்.

பைக் கியர் பாக்ஸுக்குள் எல்லாப் பல்சக்கரங்களும் எப்போதும் ஜோடி ஜோடியாகக் கோத்தபடியேதான் சுற்றுகின்றன. நாம் காலால் மிதிக்கும்போது அந்தப் பற்கள் விலகுவதும் இல்லை, புதிதாகப் போய்க் கோத்துக்கொள்வதும் இல்லை. ஒரு சக்கரம் பக்கவாட்டில் நகர்ந்து, அதன் பக்கத்தில் டாக் என்று மெக்கானிக்குகள் சொல்லும் தடித்த முட்டுகள் அடுத்த சக்கரத்தின் குழிகளில் போய் உட்காரும், அவ்வளவுதான். இன்ஜின் இழுத்துக்கொண்டிருக்கும்போது இந்த முட்டுகள் குழியின் சுவரை அழுத்திப் பிடித்திருக்கும். நழுவிவிடக் கூடாது என்பதற்காக அவற்றின் முகத்தைச் சற்று உள்சரிவாகவே வெட்டியிருப்பார்கள். அதனால்தான் இழுவையில் இருக்கும்போது கியரை லேசில் அசைக்க முடிவதில்லை. கிளட்ச் பிடித்தால் இன்ஜின் தனியாகப் பிரிந்து அந்தப் பிடி விட்டுப்போகிறது. ஆக்சிலேட்டரைக் கண்ணிமைக்கும் நேரம் மூடினாலும் அதே பிடி விட்டுப்போகும். மேல் கியருக்குப் போக வேண்டுமானால் லீவரில் காலை லேசாக அழுத்தி வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரை ஒரு நொடிக்கும் குறைவாக மூடித் திறந்தால் போதும், கியர் தானாகப் போய் விழும். உதைக்கக் கூடாது. உதைத்தால்தான் உள்ளே பல்சக்கரத்தை நகர்த்தும் ஃபோர்க் வளையும்.

இறக்கத்தில் கதை தலைகீழ், இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். மலை இறங்கும்போது ஆக்சிலேட்டர் ஏற்கெனவே மூடித்தான் இருக்கும், பின்சக்கரம்தான் இன்ஜினைத் தள்ளிக்கொண்டு போகும். முட்டுகள் இப்போது குழியின் எதிர்ச்சுவரில் அழுந்தி நிற்கும். அப்போது மூடுவதற்கு என்ன இருக்கிறது? கொஞ்சம் திறக்க வேண்டும். ஒரு துளி முறுக்கினால், இன்ஜின் தள்ளவும் இல்லை, தள்ளப்படவும் இல்லை என்ற ஒரு கணம் வரும், வண்டி மிதப்பதுபோல் உடம்புக்கே தெரியும், அந்தக் கணத்தில் கால் வேலை செய்ய வேண்டும். கீழ் கியருக்குப் போவதும் இப்படித்தான், ஆனால் அதைவிடக் கஷ்டம், ஏனென்றால் கீழ் கியருக்கு ஏற்றபடி இன்ஜின் வேகமும் கூட வேண்டும். வண்டி வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு கீழ் கியரை மிதித்தால் பின்சக்கரம் ஒரு கணம் பூட்டிக்கொள்ளும், ஈர ரோட்டில் அது போதும் விழுவதற்கு. வேகத்தை பிரேக்கால் நன்றாகக் குறைத்துக்கொண்டுதான் கீழ் கியருக்குப் போக வேண்டும்.

அன்றைக்கு நான் செய்தது இதுதான். இன்ஜினை நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, சரிவில் வண்டியை உருட்டிவிட்டு, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகம் வந்ததும் நேராக இரண்டாவது கியரைப் போட்டேன். முதல் கியர் வேண்டாம், குதிக்கும். ஒரு குலுக்கு குலுக்கிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அப்புறம் ஒவ்வொரு வளைவையும் அதே இரண்டாவது கியரில், மாற்றவே மாற்றாமல் இறங்கினேன். நியூட்ரலிலேயே உருட்டிக்கொண்டு இறங்கிவிடலாமே என்று சிலருக்குத் தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள், இன்ஜின் பிடிமானம் இல்லாமல் அத்தனை வளைவையும் பிரேக்கால் மட்டுமே இறங்கினால் பாதி வழியிலேயே பிரேக் சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும். ஆழியாறு செக்போஸ்ட் கண்ணில் பட்டதும், நிற்பதற்கு முன்னாலேயே, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நியூட்ரலுக்குத் தட்டிவிட வேண்டும். கியரில் நின்றால் இன்ஜின் அணைந்துவிடும், நின்ற இடத்தில் நியூட்ரல் தேடுவது பெரும்பாடு. பொள்ளாச்சிக்குள் நுழையும்போது கடைகள் மூடும் நேரம். “ஏனுங்க சார், மேல இருந்து இப்படியேவா ஓட்டீட்டு வந்தீங்க?” என்று மெக்கானிக் தம்பி கேட்டான். வயர் மாற்ற அவனுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே யாரும் கிளட்சை மறந்துவிட வேண்டாம், அதையும் சொல்லியாக வேண்டும். கிளட்ச் பிடிக்காமல் ஓட்டினால் மைலேஜ் கூடும், கிளட்ச் பிளேட் மிச்சமாகும் என்று நண்பர்கள் பேசிக்கொள்கிறார்கள். மைலேஜுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிளேட் அதிகமாகத் தேய்வது ஹாஃப் கிளட்சில், அதாவது லீவரைப் பாதி பிடித்தபடியே, இழுத்து ஓட்டுவதாலும், நின்ற வண்டியைக் கிளப்பும்போதும்தான். ஓட்டத்தில் கியர் மாற்றும் அரை நொடியில் பெரிதாக ஒன்றும் தேய்ந்துவிடாது. ஆனால் ஒவ்வொரு முறையும் கணக்குத் தவறித் தவறி மிதித்தால் அந்த டாக் முனைகள் மழுங்கும். மழுங்கினால் முறுக்கும்போது கியர் நிற்காமல் தாவும், முந்திக்கொண்டு போகிற நேரத்தில் தாவினால் உயிருக்கே ஆபத்து. பிளேட் மாற்ற பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் போதும், டாக் போனால் பெரும்பாலான வண்டிகளில் இன்ஜினையே இறக்கிப் பிளக்க வேண்டும், இரண்டு செலவும் ஒன்றா?

கிளட்ச் லீவரைத் தொடாமல் கியர் மாற்றுவது இப்போது வந்த பழக்கமும் இல்லை. மைசூரில் 1996 வரை வண்டி தயாரித்த ஐடியல் ஜாவா கம்பெனியின் எஸ்டி பைக் என் மாமாவிடம் இருந்தது, அதில் கியர் லீவரை மிதித்தாலே உள்ளே கிளட்சும் சேர்ந்து விடுபடும்படி அமைத்திருந்தார்கள். லீவர் பிடிக்காமல் மாமா கியர் மாற்றுவதைப் பார்த்து, சின்ன வயசில் ஏதோ வித்தை என்று நினைத்திருக்கிறேன். ஹோண்டா 1958இல் கொண்டுவந்த சூப்பர் கப்பில் கிளட்ச் லீவரே கிடையாது, கிளட்ச் உள்ளே இருக்கிறது, அதுவே பார்த்துக்கொள்கிறது. இன்றைக்கு ஓசூர்த் தயாரிப்பான அப்பாச்சி ஆர்டிஆர் 310இல் குவிக்‌ஷிஃப்டர் வருகிறது. லீவரில் கால் அழுத்துவதை சென்சார் உணர்ந்து, மேல் கியருக்கு இன்ஜினின் இழுவையை மிகச் சிறிய நேரம் துண்டிக்கிறது, கீழ் கியருக்கு அதுவே கொஞ்சம் முறுக்கிக் கொடுக்கிறது. அண்ணன் சொன்ன அதே வேலையை மெஷின் தவறில்லாமல் செய்கிறது, நம் கை அவ்வளவு துல்லியமாக எல்லா நேரமும் செய்யாது என்பதுதான் வித்தியாசம்.

என் மகளுக்குப் போன வருஷம் லைசென்ஸ் எடுத்தோம். டிரைவிங் ஸ்கூலில் எட்டு போடச் சொல்லிக்கொடுத்தார்கள், கை சிக்னல் சொல்லிக்கொடுத்தார்கள், ரொம்ப நல்லது. வயர் அறுந்தால் என்ன செய்வது என்று ஒரு வார்த்தை இல்லை. பஞ்சருக்கு அடுத்தபடியாக நடுவழியில் நம்மை நிறுத்துவது இந்த வயர்தான் என்பது என் அனுபவம். தனியாக வண்டியில் வேலைக்குப் போய் இரவில் திரும்பும் பெண்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? காலி மைதானத்தில் அரை மணி நேரம், பக்கத்தில் பழகிய ஒருவரை வைத்துக்கொண்டு, இரண்டிலிருந்து மூன்றுக்கு நாலைந்து முறை, ஓட்டத்திலேயே நியூட்ரலுக்கு வருவது நாலைந்து முறை. இவ்வளவு போதும். என் மகளுக்கு மகாலிங்கபுரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே கற்றுக்கொடுத்தேன். முதல் இரண்டு தடவை நன்றாக உதைத்தாள், மூன்றாவது தடவை சத்தமே இல்லாமல் கியர் விழுந்தது, திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

உங்கள் பத்திரிகையின் வாகனப் பகுதியில் ஒரு வாரம் கால் பக்கம் ஒதுக்கி, அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரைக் கொண்டு படத்தோடு இதை எழுதச் சொல்லுங்கள். கூடவே ஒரு சின்ன யோசனையும் போடச் சொல்லுங்கள். புது வயர் ஒன்றை வாங்கி, பழைய வயரை ஒட்டியே இரண்டு முனையும் எட்டும்படி ஓட்டி, டேக் போட்டுக் கட்டி வைத்துவிடலாம். அறுந்தால் இரண்டு முனையையும் மாட்டினால் முடிந்தது. என் வண்டியில் அன்றிலிருந்து அப்படித்தான் கட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகர்