அப்பா படத்துக்குப் பக்கத்தில் அடம்புக் கொடி

மண்டபம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய். சரி, அதற்காக மொட்டைமாடிக்கு ஏறி இறங்கிப் பரீட்சை வைக்காதே. இங்கே மீன்பிடித் தடைக்காலம், 61 நாளும் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கின்றன. கச்சான் காற்று மணலை அள்ளிவந்து சோற்றில் போடுகிறது. மற்றபடி எல்லோரும் நலம்.

போன வாரம் ராமநாதபுரத்தில் ஓர் ஓவியக் கண்காட்சி பார்த்தேன். அத்தனையும் பூக்கள், அத்தனையும் வாட்டர் கலர். இடம் எது தெரியுமா? ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். முதல் நாள் விசேஷத்துச் சாம்பார் வாசம்கூடப் போகவில்லை. முன்வரிசையில் ரோஜா, தாமரை. அவை மதியத்துக்குள் விற்றுப்போயின. எனக்கு மனம் ஒட்டவில்லை. பிஸ்கட் டப்பா மூடியில் பார்த்த அதே ரோஜாதான்.

கை கழுவும் இடத்தை ஒட்டிய சுவரில்தான் நம்ம ஊர்ப் பூக்கள். எருக்கு, ஆவாரம், தாழை, தும்பை. ஒரே தாளில் மூன்று பூவரசம்பூ: காலையில் கருஞ்சிவப்புக் கண்ணோடு வெளிர்மஞ்சள், மதியம் லேசாகக் காவி ஏறியது, பொழுது சாயும்போது சிவந்து சுருங்கியது. இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதியே ஒரு மரத்தை மொட்டையடித்தோமே, அந்தப் பூ நிறம் மாறுவதை ஒரு நாளாவது நின்று பார்த்தோமா?

வரைந்தவர் ஓய்வுபெற்ற டீச்சர். தும்பைப் படத்தில் மூக்கு உரச நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, "இதில வெள்ளைப் பெயின்டே கிடையாது சார்" என்றார். சுற்றியுள்ள இலையையும் நிழலையும் மட்டும் தீட்டி, பூ இருக்க வேண்டிய இடத்தைத் தொடாமல் விட்டிருக்கிறார். நான் பூ என்று பார்த்துக்கொண்டிருந்தது வெறும் தாள்! அங்கே ஒரு சொட்டு தவறி விழுந்தால் பழைய வெள்ளை திரும்பாதாம்.

கடற்கரை மணலில் படருமே அடம்பு, அந்தப் படத்தில் கொடிக்கு அடியில் மணல் பொரிந்து கிடந்தது. வண்ணம் ஈரமாக இருக்கும்போதே கல் உப்பைத் தூவிவிடுவாராம். ஒவ்வொரு கல்லும் சுற்றியுள்ள வண்ணநீரை இழுத்துக்கொள்ளும். காய்ந்தபின் தட்டிவிட்டால் அந்த இடமெல்லாம் வெளிறிய புள்ளி. "வாலிநோக்கத்து உப்பு சார். பாக்கெட் தூள் உப்புன்னா புள்ளி பொடிப்பொடியா விழும்."

வாசலருகே ஒரு தாளில் பழைய கதை எழுதி ஒட்டியிருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் தென்னிந்தியச் செடிகளைப் பற்றிப் புத்தகம் புத்தகமாகப் போட்டார் அல்லவா, அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள். மூலப் படங்கள் பல இப்போது எடின்பரோவில் இருக்கின்றன. கோவிந்துவின் பெயரை வைட் ஓர் ஆர்க்கிட் செடிப் பேரினத்துக்கே வைத்திருக்கிறார். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. வகுப்புக்கே ரெக்கார்டு நோட்டில் செம்பருத்தி நெடுக்குவெட்டுத் தோற்றம் நீதான் வரைந்து கொடுத்தாய். எனக்குப் பத்துக்கு ஒன்பது, உனக்கு ஏழு. எந்த ஆர்க்கிட்டுக்கும் உன் பெயர் வரவில்லை.

தொழிலுக்குப் போகாத நாள் என்பதால் கடற்காரர்களும் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். ஒரு பெரியவர் அடம்புப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "சொறிமீன் பட்டா கசக்கித் தேய்க்கிற எலைதானம்மா இது. இதுக்கா மூவாயிரம்?" டீச்சருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் பெரியவர் போகும்போது, "எலை சரியா இருக்கு, ஆட்டுக்குளம்பு மாதிரியே" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் படத்தை நான் வாங்கிவிட்டேன். ரூபாயைக் கேட்டு வீட்டில் நடந்ததை நேரில் சொல்கிறேன். வெயில் பட்டால் இளஞ்சிவப்பு வெளுத்துவிடும், கண்ணாடி தாளைத் தொடக்கூடாது, கடல் பார்த்த சுவரில் மாட்டினால் பூஞ்சை பிடிக்கும் என்று டீச்சர் ஏகப்பட்ட நிபந்தனை போட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் ஒத்துவந்தது அப்பா படம் மாட்டியிருக்கும் சுவர் ஒன்றுதான். பக்கத்திலேயே ஆணி அடித்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உள்ளே போய்ப் பார்த்தால், அப்பா படத்துக்குப் போட்டதில் மிச்சமிருந்த மல்லிகைச் சரத்தை உன் தங்கச்சி அடம்புக்கும் சாத்தியிருக்கிறாள்.

அன்புடன்,
உன் பங்காளி