ஃபுல் ஃபிரேமுக்குப் போகலாமா என்று கேட்ட நண்பனுக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். இங்கே அனைவரும் நலம். எனக்குத் தோள்பட்டை வலி ஒருவழியாக அடங்கியிருக்கிறது, கை பழையபடி மேலே தூக்க வருகிறது. ஆனாலும் கனமான எதையும் தூக்காதே என்கிறார் டாக்டர். அதனால் நீ கேட்ட கேள்வியை எனக்கும் சேர்த்தே யோசித்தேன்.

பறவைப் படம் எடுக்க, கிராப் சென்சார் (ஒளியைப் பதிவுசெய்யும் சில்லு சிறியதாக உள்ள) கேமரா பாடியை விற்றுவிட்டு, பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். என் பதில், இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பணத்தை லென்ஸில் போடு. ஏன் என்று சொல்கிறேன், நீயும் கணக்குப் போட்டுச் சரிபார்த்துக்கொள்.

சின்ன நீல மீன்கொத்தியை எடுத்துக்கொள்வோம். அலகு முனையிலிருந்து வால் வரை 17 செ.மீ. இருக்கும். 15 மீட்டர் தள்ளி, 500 மி.மீ. லென்ஸோடு நீ நிற்பதாக வைத்துக்கொள். சென்சார் மேல் விழும் அதன் பிம்பம் சுமார் 5.8 மி.மீ. சென்சார் பெரியதோ சிறியதோ, பிம்பம் அதே 5.8 மி.மீ.தான். அதைத் தீர்மானிப்பது லென்ஸும் தூரமும் மட்டுமே. ஜன்னலைப் பெரிதாக வைத்ததால் வெளியே கிளையில் இருக்கும் குருவி பெரிதாகிவிடாது.

அந்த 5.8 மி.மீ.க்குள் எத்தனை பிக்சல் அடங்குகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் ஒரு பிக்சல் சுமார் 6 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.). அதில் மீன்கொத்தியின் நீளத்துக்கு 970 பிக்சல் கிடைக்கும். 45 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் 1,320. கேனான் ஆர்7 போன்ற 32.5 மெகாபிக்சல் கிராப் சென்சாரில் பிக்சல் 3.2 மைக்ரான்தான், அதனால் 1,800 வரை போகும். கிராப்பைவிடச் சிறிய சென்சாரான 20 மெகாபிக்சல் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸிலும் ஏறக்குறைய அவ்வளவே. கண்ணைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன இறகுகள் தனித்தனியாகத் தெரிவதும், ஒரே நீலப் பூச்சாக அப்பிக்கிடப்பதும் பெரும்பாலும் இந்த எண்ணைப் பொறுத்தது.

"500 லென்ஸ் கிராப்பில் 750 ஆகிவிடும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். லென்ஸ் ஒன்றும் நீளுவதில்லை, ஓரங்கள் வெட்டுப்படுகின்றன, அவ்வளவே. நிக்கான் டி500, டி850 இரண்டையும் பயன்படுத்தியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். டி850-இன் ஃபுல் ஃபிரேம் படத்தில் கிராப் அளவுக்கு நடுப்பகுதியை மட்டும் வெட்டினால் 19 மெகாபிக்சல் மிஞ்சும். கிராப் பாடியான டி500 தருவதோ 21. மீன்கொத்தி இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிக்சல் நெருங்க நெருங்க லென்ஸ் ஈடுகொடுக்க வேண்டும். எஃப் 6.3-இல் (எஃப் எண் கூடக் கூட லென்ஸின் திறப்பு சுருங்கும்), மிகத் துல்லியமான லென்ஸிலும் ஒளிப்புள்ளி 8 மைக்ரானுக்கு மேல் பரவிவிடும். அதனால் 1,800 பிக்சலுக்கும் தனித்தனி விவரம் வராது. எஃப் 11-க்குப் போனால் இன்னும் மோசம். வெயில் ஏறித் தரையிலிருந்து சூட்டலை கிளம்பிவிட்டால் எந்த சென்சாரும் கைகொடுக்காது. அந்த நேரத்தில் பறவைக்கு அருகில் போக வேண்டும், இல்லாவிட்டால் கேமராவைப் பையில் வைத்துவிட வேண்டும்.

சரி, ஃபுல் ஃபிரேமில் நாய்ஸ் (மங்கிய வெளிச்சத்தில் படத்தில் தெரியும் புள்ளிகள்) குறைவு என்கிறாயே, அது உண்மைதானே? உண்மைதான். 36×24 மி.மீ. பரப்பு, 23.5×15.6 மி.மீ. கிராப் சென்சாரைப் போல் ஏறத்தாழ 2.4 மடங்கு. ஆனால் அந்தப் பரப்பு முழுவதையும் படத்துக்குப் பயன்படுத்தினால்தான் அந்த லாபம். நீயோ வீட்டுக்கு வந்ததும் முக்கால்வாசியை வெட்டி எறிகிறாய், வெட்டியதோடு லாபமும் போய்விடுகிறது. பறவையிடமிருந்து எவ்வளவு வெளிச்சம் உள்ளே வருகிறது என்பதை லென்ஸின் திறப்புதான் தீர்மானிக்கிறது. 600 மி.மீ. எஃப் 4 லென்ஸில் 600-ஐ 4-ஆல் வகுத்தால் 150 மி.மீ. திறப்பு, 300 எஃப் 4-இல் 300-ஐ 4-ஆல் வகுத்தால் 75. இரண்டுக்கும் எஃப் எண் ஒன்றுதான், ஆனால் முதலாவது அதே பறவையிடமிருந்து நான்கு மடங்கு வெளிச்சம் வாங்குகிறது.

இப்போது உன் 400 மி.மீ. எஃப் 6.3 லென்ஸைப் பார். அதன் திறப்பு 63 மி.மீ. 600 எஃப் 6.3 என்றால் 95. பறவை ஒன்றரை மடங்கு பெரிதாகிறது, அதிலிருந்து வரும் வெளிச்சமும் இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. பாடியை மட்டும் மாற்றினால் இந்த இரண்டும் சேர்ந்து வராது. எடையும் முன்புபோல் இல்லை. 600 எஃப் 4 மூன்று கிலோ அளவுக்கு இருக்கும்போது, நிக்கானின் 600 எஃப் 6.3 ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கிவிட்டது.

மறைவிடத்தில் உட்கார்ந்து, பறவை ஃபிரேமை நிறைக்கும் அளவுக்குப் பக்கத்தில் வரும் வாய்ப்பு உனக்கு அடிக்கடி கிடைத்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அந்தி மங்கும்போது ஆந்தை, கரையோரம் நிற்கும் கொக்கு, நாரை, இங்கெல்லாம் ஃபுல் ஃபிரேமின் நிறமும் நிழல் பகுதியின் தெளிவும் தனி அழகு. பறக்கும் பறவைக்கும் அது வசதி. அதே லென்ஸில் கொஞ்சம் அகலமாகத் தெரிவதால், தகைவிலான் சட்டென்று திரும்பினாலும் ஃபிரேமை விட்டு ஓடிவிடாது.

சென்சாரின் அளவைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், அதன் வேகத்தை யாரும் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். காட்சியை வரிவரியாக மெதுவாகப் படிக்கும் சென்சாரில் எலெக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டால், விரித்த சிறகு வளைந்து நெளிந்து பதிவாகும். எந்த மென்பொருளாலும் அதை முழுக்க நேராக்க முடியாது. வேகமாகப் படிப்பதற்காக அடுக்கடுக்காகச் செய்த ஸ்டாக்டு சென்சார் இருந்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். 2022-இல் வந்த ஓஎம்-1 மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ், அதே ஆண்டின் ஃபியூஜி எக்ஸ்-எச்2எஸ் கிராப் சென்சார், 2023-இன் நிக்கான் இசட்8 ஃபுல் ஃபிரேம். அளவு மூன்று விதம், மூன்றுமே ஸ்டாக்டு. என்றாவது பாடியை மாற்றினால் முதலில் இதைப் பார், அளவை அப்புறம் பார்க்கலாம்.

நான் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸிலேயே இருக்கப்போகிறேன். 300 எஃப் 4-ஐ இந்தத் தோள் தாங்குகிறது, காலை முழுவதும் கையிலேயே வைத்துக்கொண்டு நடக்க முடிகிறது. இருட்டில் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது, அது எனக்குச் சம்மதம்.

நீ ஒன்று செய். போன வருடம் பிடித்துப்போய் வைத்துக்கொண்ட படங்களை எல்லாம் திற. ஒவ்வொன்றிலும் வெட்டுவதற்கு முன் அகலம் எத்தனை பிக்சல், வெட்டிய பின் எத்தனை என்று குறித்துக்கொள். பெரும்பாலானவை பாதிக்குக் கீழே போயிருந்தால் நான் சொன்னதுதான் உனக்குச் சரி. வெட்டவே தேவைப்படாத படங்கள் நிறைய இருந்தால் ஃபுல் ஃபிரேமைப் பற்றி மறுபடி பேசுவோம்.

கணக்கை எழுதி அனுப்பு. 600 வாங்குவதாக இருந்தால், முதலில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து அரை மணி நேரம் கையிலேயே பிடித்துப் பார். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்